ஜெனரேட்டர் நின்ற பிறகு

கேமரன் மலையில் இன்று ஹாம் ரேடியோ என்னும் அமெச்சூர் வானொலியைத் தொடங்க நினைக்கும் ஒரு பிள்ளைக்கு எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சீனாவிலிருந்து வரும் பௌஃபெங் கையடக்க வானொலிக்கு ஆகும் செலவு, தானா ராத்தாவில் ஒரு குடும்பம் ஸ்டீம்போட் சாப்பிட்டு எழும் செலவைத் தாண்டாது. பாடங்களும் மாதிரி வினாக்களும் கைத்தொலைபேசியிலேயே வந்துவிடுகின்றன. சந்தேகம் கேட்க ஆள் இருக்கிறது. கிடைக்காமல் போனது அமைதி ஒன்றுதான். வான் அலைகளின் அமைதி. 1970களில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அது மட்டுமே தாராளமாகக் கிடைத்தது. கருவி இல்லை, புத்தகம் இல்லை, உரிமம் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாது. ஐம்பது ஆண்டுகளில் தராசின் இரு தட்டுகளும் இடம் மாறிவிட்டன.

பிரிஞ்சாங்கிலிருந்து மலையுச்சிக்கு ஏறும் பாதைப் பக்கம் எங்கள் தோட்டம். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கி இந்த மலையைத் தேயிலைக்குத் திருப்பியபோது, கங்காணிமாரோடு வந்த குடும்பங்களில் எங்கள் தாத்தா குடும்பமும் ஒன்று. லயத்துக்கு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து வரும். மாலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கும். பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். விளக்கு அணைந்ததும் அம்மா பாயை உதறிப் போடுவார். விடியற்காலை பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் எல்லாரும் படுத்துவிடுவார்கள். நான் அப்பாவின் டிரான்சிஸ்டரைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வேன்.

ஜெனரேட்டர் ஓடும்வரை சிற்றலையில் ஒரு கரகரப்பு இருந்துகொண்டே இருக்கும். அது நின்ற நொடியில் திரை விலகியதுபோல் உலகம் திறக்கும். இலங்கை வானொலி வரும், பிபிசி தமிழோசை வரும், ஆகாசவாணி வரும். இந்த நிலையங்களுக்கு நடுவே, முள்ளை மயிரிழை நகர்த்தினால், வேறு சில சத்தங்கள் கேட்கும். சீராக விட்டுவிட்டு ஒலிக்கும் கீச்சுகள். அப்புறம் மூக்கடைத்த வாத்து மனிதனோடு பேச முயல்வது போன்ற குரல்கள்; தாளம் புரியும், சொல் புரியாது. ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் ஒலிபரப்பாகும் பேச்சு சாதாரண வானொலிப் பெட்டியில் அப்படித்தான் கேட்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரிஷியனாக இருந்த மாமாதான் விளக்கினார். "அது ஹாம்காரங்க பேசுறதுடா. ஒருத்தன் வீட்டிலருந்து இன்னொருத்தன் வீட்டுக்கு. கம்பியும் கிடையாது, காசும் கிடையாது." அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. வானொலி என்றால் பெரிய ஊரில் பெரிய கட்டடத்திலிருந்து நம்மை நோக்கிப் பேசுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நாமும் திருப்பிப் பேசலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஜப்பானியர் காலத்தில் இந்த மலையைச் சுற்றி வானொலி என்பது உயிரைப் பணயம் வைக்கும் பொருள். மலைக்கு மேற்கே, ஈப்போவை அடுத்த பாப்பானில், சிபில் கார்த்திகேசுவும் அவர் கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவும் ஒரு சிற்றலைப் பெட்டியை ஒளித்து வைத்திருந்தார்கள். அதற்கு ஜோசஃபின் என்று பெயரே வைத்திருந்தார் சிபில். அதில் பிபிசி செய்தி கேட்பார். காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினருக்கு மருத்துவமும் பார்த்தார். 1943இல் பிடிபட்டார். ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெத்தாயின் சித்திரவதையில் உடல் நொறுங்கியது. வாயிலிருந்து ஒரு பெயரும் வரவில்லை. போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். 1948இல் அந்தக் காயங்களோடேயே இறந்தார்.

அதே ஆண்டுகளில் பீடோருக்குக் கிழக்கே உள்ள காட்டில், அதாவது எங்கள் மலையின் மேற்குச் சரிவில், பிரிட்டிஷ் ரகசியப் படைப்பிரிவான ஃபோர்ஸ் 136 ஆட்கள் ஒளிந்திருந்தார்கள். நீர்மூழ்கிக் கப்பலில் வந்து கரையேறிய ஜான் டேவிஸ் முதலியோர், போர் தொடங்கியபோதே பின்தங்கிவிட்ட ஸ்பென்சர் சாப்மன். அவர்களுடைய வானொலிக் கருவி மலைக்காட்டில் தூக்கிக்கொண்டு ஏற முடியாத கனம். நெடுநாள் அடிவாரப் பக்கமே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. 1945 தொடக்கத்தில்தான் அதைக்கொண்டு இலங்கையிலிருந்த தலைமையகத்தோடு பேச முடிந்தது. ஓராண்டுக்கும் மேலாக உலகத்தின் பார்வையில் அவர்கள் செத்தவர்கள். ஒரு கருவி பேசியதும் உயிர் வந்தது. போர் முடிந்து மூன்றே ஆண்டில், 1948இல், கம்யூனிஸ்டு கிளர்ச்சியை ஒடுக்க எமர்ஜென்சி தொடங்கியது; 1960வரை நீடித்தது. காட்டோரத் தோட்டங்களில் இரவு நடமாட்டத்துக்கே கட்டுப்பாடு. இதற்குள் வளர்ந்த அப்பாவிடம், "கம்பி கட்டி வெளிநாட்டுக்காரனோடு பேசப்போகிறேன்" என்று மகன் சொன்னால் அவர் வேறெப்படி எடுத்துக்கொள்வார்? வானொலிப் பெட்டி வைத்துக் கேட்பதற்கே ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் காசு கட்டி உரிமம் எடுத்த காலம் அது.

இந்த நாட்டில் வானொலியைக் கொண்டுவந்ததே பொழுதுபோக்குக்காரர்கள்தான் என்பது அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 1921இல் ஜொகூர் அரசின் மின்பொறியாளர் ஏ.எல். பர்ச் மலாயாவுக்கு முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்து, ஜொகூர் வயர்லெஸ் சங்கத்தைத் தொடங்கினார். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அதைப் பார்த்து சங்கங்கள் எழுந்தன. அரசாங்க வானொலியான ரேடியோ மலாயா முறைப்படி பிறந்தது 1946 ஏப்ரல் 1ஆம் தேதி. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஆர்வலர்கள் காற்றில் பேசிக்கொண்டிருந்தார்கள். 1952இல் மலாயா அமெச்சூர் வானொலிச் சங்கமான மார்ட்ஸ் உருவானது. விடுதலைக்கு முன் விஎஸ்2 என்று தொடங்கிய மலாயாவின் அழைப்புக்குறி, விடுதலைக்குப் பின் 9எம்2 ஆயிற்று. இதையெல்லாம் எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. நாட்டிலேயே வானொலிக்கு மிக வாய்ப்பான உயரத்தில் குடியிருந்தோம். அந்த உயரத்துக்கு என்ன பயன் என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றும் எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

மாமா விடவில்லை. மாதச் சாமான் வாங்கக் கோலாலம்பூர் போகும் லாரியில் ஏறி ஜாலான் பாசாருக்குப் போனார். எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகங்களுக்கு அந்தத் தெரு அன்றும் பேர் போனது, இன்றும் அப்படித்தான். ஒரு டிரான்சிஸ்டர், சில மின்தடைகள், ஒரு மாறு மின்தேக்கி, காதில் செருகும் படிகச் செவிப்பொறி ஒன்று. எல்லாம் சிகரெட் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. சுருளைச் சுற்ற மருந்து மாத்திரை வரும் பிளாஸ்டிக் குப்பி. தேயிலை வாட்டும் விசிறியின் மோட்டார் எரிந்துபோய் மறுசுற்றுக்கு வந்திருந்தது. கிராணியிடம் கேட்டு அதிலிருந்து கழித்த செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டோம். சுருளுக்குப் போக மிஞ்சிய கம்பி லயத்துக் கூரைச் சட்டத்திலிருந்து கோவில் பக்கத்து யூக்கலிப்டஸ் மரம் வரை ஏரியலாக நீண்டது.

அந்த ஒற்றை டிரான்சிஸ்டர் ஏற்பி எப்படி வேலை செய்யும் என்பதை இப்போதும் விரல் நுனியில் உணர்கிறேன். வந்த அலையில் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப அதே டிரான்சிஸ்டருக்குள் ஊட்டுவதுதான் அதன் சூட்சுமம். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் காதில் இரைச்சல் உயரும். ஓர் இடத்தில் 'தொப்' என்று மெல்லிய ஒலி. கருவி தானே அலையெழுப்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த விளிம்பில், ஒரு மயிர் முன்னே ஒரு மயிர் பின்னே நிறுத்தினால், மோர்ஸ் கீச்சு மணிபோலத் தெளியும், வாத்துக் குரல் மனிதக் குரலாகும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே சுருதி நழுவும், உடம்பும் மின்சுற்றில் சேர்ந்துவிடுவதால். அதற்காக மூங்கில் குச்சியைத் திருகில் செருகி, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து திருப்புவேன். வானொலி கேட்பது உடம்பை அடக்கிச் செய்கிற வேலை என்று அந்தக் குச்சி கற்றுக்கொடுத்தது. பணம் போட்டு வாங்கிய எந்தக் கருவியும் அதைக் கற்றுத் தந்ததில்லை.

கேட்க முடிந்தது, பேச மோர்ஸ் தேவைப்பட்டது. அன்றைய பன்னாட்டு விதிப்படி சிற்றலையில் ஒலிபரப்ப விரும்பும் அமெச்சூர் எவரும் மோர்ஸ் கையால் அனுப்பவும் காதால் வாங்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 12 சொற்கள் என்றால் ஏறக்குறைய நொடிக்கு ஓர் எழுத்து. ரயில்வேயில் தந்தி அனுப்பி ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் தாப்பா ரோட் நிலையத்துப் பக்கம் இருக்கிறார் என்று மாமா விசாரித்து வந்தார். மலாயா ரயில்வேயின் தந்தி மேசைகளில் யாழ்ப்பாணத்தார் கைதான் ஓங்கியிருந்தது. அவர்களில் கடைசித் தலைமுறைக்காரர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில் தாப்பாவுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருவேன்.

நான் புள்ளியும் கோடும் எழுதிய அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "தம்பி, கண்ணாலே படிக்காதையும். புள்ளி, கோடு எண்டு எண்ணினால் எப்பவும் பிந்தித்தான் நிப்பீர். பாட்டுக் கேக்கிற மாதிரிக் கேளும்." தேநீர்க் கரண்டியால் மேசையில் தட்டினார். டா-டி-டா-டிட், டா-டா-டி-டா. சிக்யூ. யாராவது இருக்கிறீர்களா, பேச விருப்பமா என்ற பொது அழைப்பு. "இதைக் கேட்டவுடனே எழுத்து வரப்படாது, ஆள் கூப்பிடுகிற நினைப்பு வரவேணும்" என்றார். பல மாதம் அந்தத் திண்ணையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். எழுத ஆரம்பித்தால் பென்சிலைப் பிடுங்கிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தட்டிக்கொண்டிருந்தபோதே நான் சிரித்துவிட்டேன். அவர் தட்டியது "தேத்தண்ணி குடிப்பமோ" என்பதை ரோமன் எழுத்தில். சிரித்த பிறகுதான் எனக்கு மோர்ஸ் வந்துவிட்டது என்பது இருவருக்கும் தெரிந்தது.

உரிமம் கையில் வந்தபோது சூரியன் எங்கள் பக்கம் இருந்தது. சூரியப்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகித் தேயும். அவை பெருகும்போது வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி அடுக்கு உயர் அதிர்வெண்களையும் வளைத்துத் தூரத்துக்கு அனுப்பும். 1979 இறுதியில் ஓர் உச்சம் வந்தது. அதையொட்டிய மாலைகளில் 21 மெகாஹெர்ட்ஸில் ஜப்பான் பக்கத்து வீடுபோலக் கேட்கும். என் அழைப்புக்கு முதலில் பதில் தந்தவர் கியூஷூ தீவுக்காரர். 579 என்று எனக்கு அறிக்கை கொடுத்தார்: 5 என்றால் தெளிவாகப் புரிகிறது, 7 என்றால் நல்ல வலிமை, 9 என்றால் சுருதி சுத்தம். பெயர், ஊர், வானிலை; இவ்வளவுதான் பேசினோம். சில மாதம் கழித்து அவரிடமிருந்து உறுதிப்படுத்தும் அட்டை தபாலில் வந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜப்பானியத் தபால்தலை, மலேசியத் தபால் முத்திரை. சிறுவயதில் ஜப்பானியச் சிப்பாய்களுக்குப் பயந்து காட்டோரம் பதுங்கிய மனிதர். அட்டையை என்னிடம் கொடுத்து, "அந்த ஆளு என்ன வேலை பாக்குறாராம்?" என்று கேட்டார். பள்ளிக்கூட வாத்தியார் என்றேன். "நல்ல மனுசனாத்தான் இருப்பாரு" என்றார். அதன்பிறகு ஏரியல் கம்பி காற்றில் அறுந்தால் ஏணியைப் பிடிக்க அவரே வந்தார்.

இந்தப் பொழுதுபோக்கில் பேசுவதைவிடக் கேட்பதே பெரிது என்று நான் உறுதியாக நம்புவதற்கு 2004 டிசம்பர்தான் காரணம். அந்தமான் தீவுகளில் அமெச்சூர் வானொலிக்கு நெடுங்காலமாக அனுமதி இல்லை. உலகம் முழுவதும் ஹாம்கள் காத்துக் கிடந்த இடங்களில் அது ஒன்று. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், தளராமல் முயன்று அனுமதி பெற்று, ஒரு குழுவோடு அந்த டிசம்பரில் போர்ட் பிளேரில் இறங்கினார். விடியும்வரை உலகமே அவரை அழைத்துக்கொண்டிருந்தது. 14 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கூட்டநெரிசலைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ பேர் தூக்கத்தைத் தொலைத்தார்கள்; நானும்தான். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூப்பிட, ஒரு பெண் குரல் பதற்றமில்லாமல் ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்துப் பதில் சொல்லும். கேட்கும் கலையின் உச்சம் அது.

26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் பூமி பிளந்தது. ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபாரைத் தாக்கியது. எங்கள் பக்கம் பினாங்கிலும் கெடாவிலும் உயிர்களைக் கொண்டுபோனது. தீவுகளில் தொலைபேசி துண்டானது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகள் அந்த மணி நேரத்திலேயே மீட்புப் பணிக்கருவிகளாயின. பாரதியும் குழுவும் போர்ட் பிளேரிலிருந்து பெருநிலத்துக்குச் செய்தி அனுப்பினார்கள்: யார் பிழைத்திருக்கிறார்கள், எந்தத் தீவு எந்த நிலையில் இருக்கிறது, என்ன தேவை. முந்தின நாள் வரை ஆயிரம் பேர் முண்டியடித்த அலைவரிசையில் அன்று யாரும் குறுக்கிடவில்லை. என் முன்னால் ஒலிபரப்பி மின்சாரத்தோடு தயாராக இருந்தது. கையை அதன் பக்கமே கொண்டுபோகவில்லை. மற்றவர் செய்தி கடந்துபோக வழிவிட்டு, ஒருவேளை அவர்களுக்குக் கேட்காமல் போன சொல் நமக்குக் கேட்டால் எடுத்துக்கொடுக்கத் தயாராக, பென்சிலோடு உட்கார்ந்திருப்பது. அன்று ஆசியா முழுவதும் ஹாம்கள் செய்தது அதைத்தான். புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதலில் இந்த நாளைப் பற்றித்தான் சொல்கிறேன். கருவி விலையை அப்புறம் பேசலாம்.

இப்போது அந்த லயத்தில் எங்கள் ஆட்கள் அநேகமாக இல்லை. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். தேயிலையை இருவர் பிடித்து நடக்கும் இயந்திரம் வெட்டுகிறது. பிடித்து நடப்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். வேலை முடிந்ததும் படியில் உட்கார்ந்து ஊரிலுள்ள மனைவி மக்களோடு முகம் பார்த்துப் பேசுகிறார்கள். அன்று ஜப்பான் வாத்தியாரின் ஒரு வரிக்கு நாங்கள் பட்டபாட்டை நினைத்தால் இது பெரும் கொடை. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 2014 நவம்பரில் ரிங்லெட்டிலும் பெர்த்தாம் வேலியிலும் மண்வெள்ளம் பாய்ந்து உயிர்களைப் பறித்ததை இந்த மலை மறக்கவில்லை. சரிவு இறங்கினால் சாலை போகும். சாலை போன இடத்தில் மின்கம்பம் நிற்காது. மின்சாரம் போனால் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அப்போது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வானொலியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு காதும் வேண்டும்.

பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து வரும் பேத்திக்கு இந்தப் பித்து எப்படியோ தொற்றிக்கொண்டது. அவளுடைய தொடக்கமும் என்னுடைய தொடக்கமும் ஒன்றுக்கொன்று தலைகீழ். நான் மூங்கில் குச்சியோடு தொடங்கினேன். அவள் நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்துவிட்டிருக்கும் ஏற்பியில் தொடங்கினாள். கோலாலம்பூர் அடுக்குமாடியில் இருந்துகொண்டு ஐரோப்பாவின் காதால் உலகைக் கேட்டாள். எனக்கு மோர்ஸ் கட்டாயம். 2003இல் ஜெனீவா மாநாடு அந்தப் பன்னாட்டுக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. இன்று தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறினால் பி வகுப்பு உரிமம் கிடைக்கும். 9டபிள்யூ என்று தொடங்கும் அழைப்புக்குறி. 2007 அக்டோபரில் விண்வெளி நிலையத்துக்குப் போன ஷேக் முஸாஃபருக்கும் 9டபிள்யூ2எம்யூஎஸ் என்று ஒன்று இருந்தது. தேர்வுக்கு முன் கேட்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். பேசும் பொத்தானை மட்டும் அமுக்கக் கூடாது. இதில் நான் சலுகை தருவதில்லை, அவளும் கேட்கவில்லை.

கையடக்க வானொலியோடு வரும் குட்டை ரப்பர் ஏரியலைக் கழற்றிவிட்டு, அவளே ஒன்று செய்தாள். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் இரண்டு மீட்டர். அதில் கால்பங்கு, கம்பிக்கான சிறு கழிவு போக, 49 சென்டிமீட்டர். நடுவில் ஒரு கம்பி நிமிர்ந்து நிற்க, நான்கு கம்பிகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். செம்புக் கம்பி, ஒரு இணைப்பான், ஒரு மணி நேரப் பற்றவைப்பு. அதை எடுத்துக்கொண்டு மலையுச்சிப் பாதையில் ஏறினோம். குனோங் பிரிஞ்சாங்கின் உயரம் 2,031 மீட்டர். அந்த உயரத்தில் நிற்பவருக்கு வானொலியின் தொடுவானம் கணக்குப்படி சுமார் 185 கிலோமீட்டர். நேர்கோட்டில் பினாங்கும் கோலாலம்பூரும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. இடையில் ஒரு மலைமுகடு மறித்தால் கணக்கு பொய்க்கும், ஆனால் எத்தனையோ தடவை பொய்க்கவில்லை. கீழே வீட்டில் ஒன்றும் பிடிக்காத பெட்டியில் மேலே குரல்கள் நிறைந்தன. சாலையோரத் தேயிலைப் புதரில் ஈரம் சொட்ட, அவள் ஒவ்வோர் அழைப்புக்குறியாக நோட்டில் எழுதினாள்.

விண்வெளி நிலையத்தின் அலைவரிசையான 145.800ஐயும் இப்படித்தான் கேட்டோம். நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற பொருள் அது. நெருங்கும்போது அதிர்வெண் கொஞ்சம் உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் வரும். தலைக்குமேல் கடந்துபோக ஏறக்குறைய பத்து நிமிடம். "தாத்தா, இப்ப கீழ இறங்குது லா, அதிர்வெண் மாறுது" என்று அவளே சொன்னாள். புத்தகத்தில் டாப்ளர் விளைவு என்று படித்ததைக் காதால் பிடித்துவிட்டாள். நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் வெளியிட்ட எஃப்டி8 முறையையும் அவளுக்குக் காட்டினேன். இரைச்சலுக்கு அடியில் புதைந்துகிடக்கும் குறிகளைக்கூடக் கணினி 15 நொடிக்கு ஒருமுறை தோண்டியெடுத்து எழுத்தாக்கிவிடும். அருமையான கண்டுபிடிப்பு, சிறிய ஏரியல் வைத்திருப்பவர்களுக்கு அது உயிர் தந்தது. என்றாலும் தொடக்கக்காரர் அதில் தொடங்குவதை நான் விரும்பவில்லை. அங்கே கணினி கேட்கிறது, நாம் பார்க்கிறோம். காது பழகிய பிறகு வரலாம்.

காது பழகத் தடையாக நின்றது இரைச்சல். வீட்டில் சிற்றலையைத் திறந்தால் மாலை ஏழு மணிக்குமேல் ஒரே உறுமல். 1970களில் ஜெனரேட்டர் பத்து மணிக்காவது நின்றது. இது விடியும்வரை நிற்பதில்லை. எதிர்ச்சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூரைப் பூந்தோட்டங்கள். செவ்வந்தி பகல் குறுகினால்தான் மொட்டு விடும். தண்டு நீளும்வரை மொட்டை ஒத்திப்போட இரவில் விளக்கெரிக்கிறார்கள். மலை இரவில் மஞ்சளாக ஒளிர்வது அதனால்தான். முன்பு குண்டு பல்புகள், இப்போது எல்இடி. மலிவான எல்இடி மின்மாற்றிகள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித் தருகின்றன. அந்த வெட்டுகள் கம்பி வழியே ஏறி, கம்பியையே ஏரியலாக்கி, வானெங்கும் கொட்டுகின்றன.

"எந்த விளக்குன்னு எப்படித் தெரியும்?" என்றாள். பழைய மத்திய அலை டிரான்சிஸ்டரை அவள் கையில் கொடுத்தேன். அதற்குள் ஒரு கரிய ஃபெரைட் கோல் கிடக்கும். கோலின் முனை இரைச்சல் வரும் திசையை நேராகச் சுட்டும்போது சத்தம் மறைந்துபோகும். நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, பெட்டியை மெல்லச் சுழற்றி, சத்தம் விழும் திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னோர் இடத்துக்குப் போய் மறுபடி குறிக்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் புள்ளியில் ஆள் இருப்பார். சிபில் கார்த்திகேசு காலத்தில் ஒளித்து வைத்த ஒலிபரப்பிகளைத் தேட இதே முறைதான் பயன்பட்டது. நாங்கள் விளக்கைத் தேடினோம். கோடுகள் வெட்டிய இடத்தில் இருந்தது மூன்றாவது பூக்கொட்டகை.

கொட்டகை முதலாளியான தவுக்கே பொறுமையாகக் கேட்டார். விளக்கை அணைக்கச் சொல்ல வரவில்லை, கம்பியில் ஒரு வளையம் மாட்ட அனுமதி வேண்டும் என்று விளக்கினோம். ஃபெரைட் வளையத்துக்குள் மின்கம்பியை நாலைந்து சுற்றுச் சுற்றினால் வெளியே ஏறும் இரைச்சலில் பெரும்பகுதி அங்கேயே அடங்கும். விளக்கும் பூவும் அதுபாட்டுக்கு இருக்கும். முதல் வரிசையில் மாட்டியதும் பேத்தி டிரான்சிஸ்டரைத் தூக்கிக் காட்டினாள். உறுமல் பாதியாகக் குறைந்திருந்தது. பக்கத்தில் நின்ற தவுக்கேயின் மகன், இடைநிலைப்பள்ளி மாணவன், டிரான்சிஸ்டரை வாங்கித் தானே சுழற்றிப் பார்த்தான். சத்தம் விழுந்து எழுவதைக் கண்டதும் எதற்காக இதைச் செய்கிறோம் என்று மலாயில் கேட்டான். பேத்தி மலாயிலேயே சொல்லத் தொடங்கினாள். விண்வெளி நிலையம், பினாங்கு, தேர்வு, பொத்தானை அமுக்கக் கூடாது என்பது வரை. நான் ஏணிமேல் நின்று இரண்டாம் வரிசைக்கு வளையம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஐந்தாவது வரிசைக்கு வளையம் போதவில்லை, ஜாலான் பாசாரில் கிடைக்குமா என்று அப்பா கேட்கச் சொன்னாராம். தேர்வுப் பாடத்தைப் பேத்தியின் கைத்தொலைபேசியிலிருந்து தன்னுடையதற்கு ஏற்றிக்கொண்டான். இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, சட்டவிதிப் பகுதியை அவன் மலாயில் வாசிக்க, ஏரியல் கணக்கை அவள் போட, நான் தேநீர் கலக்கினேன். மோர்ஸ் தேர்வில் வராது என்று அவனுக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியாயிற்று. பரவாயில்லை, அதையும் கற்றுக்கொடுங்கள் என்கிறான். சனிக்கிழமை பிற்பகல் தொடங்குகிறோம்.